படகுக்கு ஓர் இடம்: விலைக்கா, வாடகைக்கா?



பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வாழ்கின்ற நமக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் முன்னோரில் பலர் கப்பலை விட்டு இறங்கியதே பினாங்குத் துறைமுகத்தில்தான். அவர்களைப் பூலாவ் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஜோர்ஜ் டவுனில் ஒரு தெருவுக்கே நம்மவர்கள் படகுக்காரத் தெரு என்று பெயர் வைத்திருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கிய தமிழர்களை நினைவூட்டும் பெயர் அது.

இன்றோ வேறு வகைத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகிறார்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாய் தந்தையர் அவர்களோடு சேர்ந்து சுங்கை பினாங், ஜெலுத்தோங் வட்டாரங்களின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறுகிறார்கள். கையிலே சேமநிதிப் பணம் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகியவருக்கு, “நமக்கென்று ஒரு சின்னப் படகு இருந்தால் என்ன?” என்று தோன்றுவது இயற்கைதான். ஆசை குற்றமில்லை. ஆனால் படகின் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்கிய படகை எங்கே கட்டி வைப்பது? இந்தக் கேள்விக்கான விடையைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஆயர் ஈத்தாம், டோண்டாங், ஆயர் தெர்ஜுன், ஜெலுத்தோங் ஆகிய சிற்றாறுகளின் நீர் சேர்ந்து வருவதே சுங்கை பினாங் ஆறு. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து இறங்கும் துறைக்கும், 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்துக்கும் இடைப்பட்ட கரையில் இது கடலில் கலக்கிறது. இத்தகைய ஆற்று முகம் சிறு படகுகளுக்கு நல்ல ஒதுக்கிடம். அலை அடிக்காது, காற்றும் அவ்வளவாகத் தாக்காது. ஆனால் ஆறு கொண்டு வரும் சேறு அங்கேதான் படியும். கடல் ஏறியிருக்கும்போது மிதக்கின்ற படகு, வற்றிய நேரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். பினாங்குக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது ஓர் ஆளின் உயரத்துக்கும் மேல். ஆகவே படகு கட்டும் இடத்தைப் பார்க்கப் போகிறவர், கடல் நிறைந்து அழகாக இருக்கும் நேரத்தில் போகக்கூடாது. நன்றாக வற்றிய நேரத்தில் போக வேண்டும். விற்க வருகிறவர் எந்த நேரத்தில் கூட்டிப் போவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்காகவே அமைக்கப்பட்டதுதான் மரீனா எனப்படும் படகுத்துறை. அங்கே கடலடியில் உறுதியான தூண்களை அடித்து, அவற்றில் வளையம் மாட்டி, மிதவைகளால் ஆன நடைபாதையைப் பொருத்தியிருப்பார்கள். நீர் ஏறினால் நடைபாதையும் படகும் சேர்ந்தே ஏறும். வற்றினால் சேர்ந்தே இறங்கும். கயிறு இறுகி அறுந்து போகும் அச்சம் இல்லை. ஒவ்வொரு படகுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, குடிநீர்க் குழாயும் மின்சாரமும் கொடுத்து, காவலும் போட்டிருப்பார்கள். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங்கில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் அமைந்த ஸ்ட்ரெயிட்ஸ் கீ அத்தகைய இடம். லங்காவியில் ரெபாக், தெலாகா போன்ற படகுத்துறைகள் இருக்கின்றன.

இந்தத் துறைகளில் நிற்கும் படகுகளின் கொடிகளைப் பார்த்தால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்சு என்று பல நாட்டுக் கொடிகள் பறக்கும். அந்த நாட்டு மக்களில் சிலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுப் படகு வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். மலாக்கா நீரிணை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், பெரும்புயல்கள் இங்கே மிக அரிது. இரு புறமும் நிலம் இருப்பதால் பேரலையும் குறைவு. 1987ஆம் ஆண்டு லங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது மற்றொரு காரணம். அவர்களுக்கு நம் நாடுதான் வெளிநாடு. நம் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு வேறொரு நாட்டுக் கரையில் இதே கேள்வியோடு நிற்கக்கூடும். இடம் மாறலாம், கணக்கு ஒன்றுதான்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். படகு நிறுத்தும் இடம் விற்பனைக்கு என்று விளம்பரம் வருகிறது. கடலை எப்படி விற்க முடியும்?

நம் நாட்டின் தேசிய நிலச் சட்டம் 1965ஆம் ஆண்டு வந்தது. அந்தச் சட்டப்படி, தனியாருக்கு முறையாக வழங்கப்பட்ட நிலம் போக, ஆற்றின் அடிநிலமும் கடற்கரை ஓரமும் கரையை ஒட்டிய கடலின் அடிநிலமும் மாநிலத்தின் நிலம். பிற நாடுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலடி பெரும்பகுதி அரசமுடிச் சொத்து. பிரான்சிலோ கடற்கரை பொதுச்சொத்து, அதை விற்க முடியாது. அங்கே படகுத்துறையில் ஒருவருக்கு நீண்ட கால இடம் கொடுத்தாலும் அது அதிகமாகப் போனால் 35 ஆண்டுகளுக்குத்தான்.

ஆகவே “விலைக்கு வாங்குவது” என்று சொல்லப்படுவது பல இடங்களில் உண்மையில் நீண்ட காலக் குத்தகையே. அரசாங்கம் ஒரு நிறுவனத்துக்குக் கடலடியைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அந்த நிறுவனம் துறை கட்டி, தன் குத்தகையிலிருந்து ஒரு துண்டை உங்களுக்குக் கொடுக்கிறது. மூலக் குத்தகை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு உங்கள் உரிமையும் முடியும். 30 ஆண்டுக் குத்தகையில் 20 ஆண்டு கழிந்த பிறகு வாங்கினால், நீங்கள் வாங்குவது எஞ்சிய 10 ஆண்டுகளை மட்டுமே. வீட்டு மனைபோல் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறும் என்று எண்ணக்கூடாது. எரியும் மெழுகுவர்த்தியைப் போல அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும் பொருள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருப்பது டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். இதைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் கம்பத்து மனைகளிலும் தோட்டத்தை ஒட்டிய நிலங்களிலும் இந்த உரிமத்தைக் காட்டி ஏமாந்தவர்கள் உண்டு. நிலச் சட்டப்படி இந்த உரிமம் அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அதுவும் அவரோடு முடிந்துவிடும். மகனுக்குச் சொத்தாக இறங்காது. “டி.ஓ.எல். இருக்கிறது, படகு கட்டும் மேடையோடு சேர்த்து எழுதித் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அவர் விற்க முடியாததை விற்கிறார் என்று பொருள்.

ஜோர்ஜ் டவுன் வெல்ட் கீ கரையில் கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் சீனர் குடியிருப்புகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சியூ, லிம், டான், லீ, யோ என்று ஒவ்வொரு குடும்பப் பெயரிலும் ஒரு துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் படகுத் தொழில் செய்தவர்கள் அங்கே வாழ்ந்து வருகிறார்கள். வீட்டைக் கட்டியவர்கள் அவர்கள். கீழே உள்ள கடலடி அவர்களுடையது அன்று. அவர்கள் இருப்பது தற்காலிக உரிமத்தில்தான். 2006ஆம் ஆண்டில் கோய் குடும்பத் துறையும் பெங் ஆன் துறையும் வீடமைப்புக்காக இடிக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டு ஜோர்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சிய துறைகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. இரண்டே ஆண்டு இடைவெளி. முன்னால் போனவை போனவையே.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு நம் லயத்து வீடுகள் நினைவுக்கு வரலாம். நாற்பது ஆண்டு அந்த வீட்டில் குடியிருப்போம். வாசலில் முருங்கை வைப்போம், சாமி மேடை கட்டுவோம், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைப்போம். வேலை முடிந்த அன்று வீடு நம்முடையது அன்று என்பது தெரிய வரும். இருப்பது வேறு, உரிமை வேறு. இந்தப் பாடத்தை நம்மைப் போல் விலை கொடுத்துக் கற்றவர்கள் குறைவு. கற்ற பாடத்தைக் கடற்கரைக்குப் போனதும் மறந்துவிடலாமா?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகுத்துறைகளில் வாடகையைப் படகின் நீளத்தை வைத்தே கணக்கிடுவார்கள். ஓர் அடிக்கு இத்தனை வெள்ளி என்று. நான் சொல்லப் போகும் எண்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. துறைக்குத் துறை இவை மாறும். முறையை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

படகின் நீளம் 30 அடி. ஓர் அடிக்கு மாதம் 15 வெள்ளி என்றால் மாத வாடகை 450 வெள்ளி, ஆண்டுக்கு 5,400 வெள்ளி. அதே இடத்தை 25 ஆண்டுக் குத்தகைக்கு 60,000 வெள்ளி கொடுத்து “வாங்கலாம்” என்கிறார்கள். வாங்கினாலும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2,000 வெள்ளி கட்ட வேண்டும். பத்து ஆண்டு முடிவில் வாடகைக்காரர் கொடுத்திருப்பது 54,000 வெள்ளி. வாங்கியவர் கொடுத்திருப்பது 80,000 வெள்ளி. பதினைந்தாம் ஆண்டில் வாடகை 81,000, வாங்கியவருக்கு 90,000. பதினெட்டாம் ஆண்டில்தான் வாடகை 97,200 ஆகவும், வாங்கியவர் செலவு 96,000 ஆகவும் திரும்புகிறது. 55 வயதில் சேமநிதியை எடுத்தவருக்கு அப்போது வயது 73. அந்த வயதிலும் கயிறு இழுத்து, இயந்திரத்தைக் கிளப்பி, கடலுக்குப் போவோமா என்பதை அவரவர் தம் முழங்காலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த 60,000 வெள்ளியை எடுக்காமல் ஊழியர் சேமநிதியிலேயே விட்டிருந்தால் என்ன ஆகும்? 55 வயதானதும் பணம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. விரும்பிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்கலாம்; 100 வயது வரை அதற்கு இலாப ஈவு சேரும். வழக்கமான கணக்குக்குக் குறைந்த அளவு இரண்டரை விழுக்காடு தரவேண்டும் என்பது சட்டம். குறைந்த அளவையே வைத்துக்கொண்டாலும் 60,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 1,500 வெள்ளி. அதை இழப்பதும் வாங்கியவரின் செலவுதான். அதையும் சேர்த்தால், வாங்கியவர் வாடகைக்காரரை எட்டிப் பிடிக்கும் நாள் இன்னும் தள்ளிப் போகும்.

அப்படியானால் வாங்குவது எப்போதும் தவறா? இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும் இடங்கள் உண்டு. இடமே கிடைக்காமல் பல ஆண்டு காத்திருக்க வேண்டிய துறைகளும் வெளிநாடுகளில் உண்டு. அத்தகைய ஊரில் நெடுங்காலம் நிலையாக வாழப் போகிறவர், குத்தகையில் இன்னும் பல ஆண்டு மீதமிருந்தால், வாங்குவதில் பொருள் இருக்கிறது. ஓரிரு ஆண்டு முதலில் வாடகைக்கு இருந்து பார்த்து, ஊரும் கடலும் உடம்புக்கு ஒத்துக்கொண்ட பிறகு முடிவு செய்வதே அறிவுடைமை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னர் சில கேள்விகளை வாய் விட்டுக் கேட்க வேண்டும். மூலக் குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது? பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த யாருக்கு அதிகாரம்? வற்றிய நேரத்தில் ஆழம் எவ்வளவு, சேறு படிந்தால் தோண்டும் செலவு யாருடையது? நான் ஊரில் இல்லாதபோது இடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விடலாமா? படகை விற்றால் இடமும் கூடப் போகுமா? நான் இறந்துவிட்டால் என் மனைவி மக்களுக்கு அந்த இடம் சேருமா? படகில் இரவு தங்க அனுமதி உண்டா? ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. படித்த பிள்ளையை அருகில் வைத்து ஒவ்வொரு பத்தியாகப் படிக்கச் சொல்லுங்கள்; பெரிய தொகையானால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லையென்றால் அது சொல்லப்படாததற்குச் சமம்.

வெளிநாட்டில் இடம் எடுப்பவருக்கு மேலும் ஒன்று. படகு நிறுத்த இடம் கிடைத்ததால் அந்த நாட்டில் தங்கும் உரிமை கிடைத்ததாக ஆகாது. குடிநுழைவு அனுமதி வேறு, படகைக் கொண்டு போவதற்கான சுங்கத் தீர்வை வேறு. இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இயற்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்புயல் அரிது என்று சொன்னேன். ஆனால் தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசும் பலத்த காற்று நம் கரைக்குப் பழக்கமானது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நம் நாட்டில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். லங்காவியின் ரெபாக், தெலாகா துறைகளும் அன்று சேதமடைந்தன. மிதவை மேடைகள் பிய்ந்து படகுகள் ஒன்றோடொன்று மோதின. ஆகவே காப்புறுதி யார் பெயரில், எதற்கெல்லாம் என்பதைக் கேட்காமல் இருக்கக்கூடாது. இது தவிர, சூடான கடலில் எப்போதும் நிற்கும் படகின் அடியில் கொட்டலசு ஒட்டி வளரும். மரப்படகானால் துளைக்கும் புழு தின்னும். அவ்வப்போது கரையேற்றிச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். அந்தச் செலவு வாடகையில் சேராது.

இவ்வளவும் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று மலைக்க வேண்டாம். சிறிய படகுக்குச் சிறிய வழிகள் உண்டு. பதினைந்து பதினாறு அடிக் கண்ணாடியிழைப் படகை இழுவண்டியில் ஏற்றிக் கரையில் வைத்திருக்கலாம். வேண்டும் நாளில் சரிவு மேடையில் இறக்கலாம். அதற்குக் கடலில் இடமே வேண்டாம், கொட்டலசுத் தொல்லையும் இல்லை. அல்லது நால்வர் சேர்ந்து ஒரு படகு வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறைதான் கடலுக்குப் போவோம் என்றால், அன்றைக்கு மட்டும் படகை வாடகைக்கு எடுப்பது எல்லாவற்றையும் விட மலிவு. சொந்தப் படகானால் ஜபாத்தான் லாவுட் எனப்படும் கடல் துறை அலுவலகத்தில் பதிவு, உரிமம் பற்றிக் கேட்டறிய வேண்டும். பிடித்த மீனை விற்பதென்றால் அது தொழில். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்காப்பு அங்கியில்லாமல் யாரும் படகில் கால் வைக்கக்கூடாது.

பலர் சேர்ந்தால் முடியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பணத்தில் கெடாவில் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அங்கே வாங்கியது ஒப்பந்தத்தாலும் பட்டாவாலும் உறுதி செய்யப்பட்ட நிலம். வெறும் வாய்ச்சொல் அன்று. அதுதான் அந்த முயற்சியின் வலிமை.

ஆகவே நேயர்களே, படகோ வீடோ மனையோ எதுவானாலும் மூன்றைக் கேளுங்கள். அடியில் இருக்கும் நிலம் யாருடையது? என் உரிமை எந்த நாள் வரை? எனக்குப் பின் அது யாருக்கு? இம்மூன்றுக்கும் தாளில் விடை இருந்தால் பணத்தை எடுங்கள். இல்லையென்றால் சேமநிதியிலேயே இருக்கட்டும். நாற்பது ஆண்டு விடியற்காலையில் எழுந்து, பனியிலும் மழையிலும் சேர்த்த பணம் அது. கடலில் மிதக்கும் ஆசைக்காக அதை மூழ்கவிடக்கூடாது. கணக்குச் சரியாக இருந்தால், மாலை வெயிலில் சுங்கை பினாங் ஆற்று முகத்திலிருந்து பேரப்பிள்ளையோடு தூண்டில் போடப் போவதைவிட நல்ல ஓய்வு வேறில்லை.